இரண்டு ரோல் கூடுதல்

என் அக்கா புருஷனை ஆஸ்பத்திரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மாவு எங்க?", "மாவைக் கூப்பிடு", "மாவு சாப்பிடப் போயாச்சா?" எல்லாம் அவரைத்தான். இருபத்திரண்டு வருஷமாக எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிற மனிதருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை ஒட்டியிருக்கும். அக்கா ஈரத்துண்டால் துடைத்துவிடுவாள். நான் அவரை அத்தான் என்பேன். கோபம் வந்தால் நானும் மாவு என்பேன்.

அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது, அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, கேட்க அவருக்கும் இல்லை. லிஃப்டில் ஏறமாட்டார். வெளியே கிளம்பினால் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க மூன்று தடவை வாசலிலிருந்து திரும்பி வருவார். தெருநாய் எதிரே வந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். நாங்கள் யாராவது பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், அதற்குள் அவர் மனசில் எங்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போயிருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் கண்ணுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

கட்டு அறைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. சின்ன அறை அது. நடுவில் ரெக்ஸின் மெத்தை போட்ட மேடை, பக்கத்தில் தண்ணீர் வாளி, மூலையில் ஒரு தொட்டி. தொட்டியின் விளிம்பில் உறைந்துபோன மாவை எத்தனை தடவை சுரண்டினாலும் மறுநாள் திரும்ப இருக்கும். அலமாரியின் ஒரு தட்டில் பஞ்சுச் சுருள், இன்னொரு தட்டில் மாவு ரோல். ரோலைத் தண்ணீரில் முக்கினால் குமிழி விடும். குமிழி நின்றதும் எடுத்து லேசாகப் பிழிந்து, பஞ்சு சுற்றிய கைமேல் சுற்றவேண்டும். சுற்றச் சுற்றச் சூடேறும். கட்டிக்கொள்கிறவர் மிரண்டால், "சூடு வந்தா நல்ல மாவுன்னு அர்த்தம்" என்பார்.

கட்டை வெட்டுகிற மின்ரம்பம் போடும் சத்தத்தில் மீசை வைத்த ஆட்களே மேடையிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பார்கள். அத்தான் அந்த ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து ஓட்டிக் காட்டுவார். "பாருங்க, இது சுத்தாது. சும்மா நடுங்கும், அவ்வளவுதான். என்னை மாதிரி."

அந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு கொக்கியில் தொங்குகிறது. அத்தான் அதற்கு வைத்த பேர் மாப்பிள்ளை. மாணவர்களுக்குப் பாடம் நடக்கும்போது வாளியும் கையுமாக ஓரத்தில் நின்று கேட்டுக் கேட்டே மூட்டு சமாசாரம் முழுவதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முறிந்தது முன்கை, முழங்கையை ஏன் கட்டுகிறீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மாப்பிள்ளையைத் திருப்பி நிறுத்திவிடுவார்.

"தோளைப் பாருங்க, கிண்ணத்துக்குள்ள பந்து. எந்தப் பக்கமும் சுத்தும், அதனாலதான் லேசுல கழண்டுக்கும். முழங்கை கதவுக் கீல். மடக்கலாம், நீட்டலாம், வேற ஒண்ணும் நடக்காது. கழுத்துல ஒரு எலும்புக்கு முளை இருக்கு, அந்த முளையைச் சுத்திதான் மேல இருக்கிற எலும்பு திரும்புது. நீங்க 'மாட்டேன்'னு தலையாட்டறதெல்லாம் அந்த முளை தயவு. முதுகெலும்புக்கு நடுவுல வட்டு வட்டா குருத்தெலும்பு, அது கொஞ்சூண்டுதான் அசையும். இந்த மண்டையோட்டுல நெளிநெளியா தையல் போட்ட மாதிரி கோடு இருக்கே, இதுவும் மூட்டுதான். இது அசையவே அசையாது. அசைஞ்சா நம்ம கதி என்ன ஆறது?"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அசையற மூட்டுக்குள்ள எலும்பு முனை ரெண்டுலயும் வழவழன்னு குருத்தெலும்பு இருக்கும். சுத்தி ஒரு பை. பைக்குள்ள முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொஞ்சம் நீர். வெளியே நார் இழுத்துப் பிடிச்சிருக்கும். எலும்பு ஒட்டணும்னா மேல் மூட்டு, கீழ் மூட்டு ரெண்டையும் கட்டியாகணும். ரொம்ப நாள் கட்டி வெச்சா மூட்டு கோவிச்சுக்கிட்டு இறுகிப்போயிடும். கட்டினாலும் பயம், கட்டலைன்னாலும் பயம்."

அவருடைய தூக்கத்தைக் கெடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் லாரி டிரைவர். முறிந்த முன்கை தளர்வான அரைக்கட்டுக்குள் நழுவி, கோணலாக ஒட்டிவிட்டது. முன்கையில் இரண்டு எலும்பு. ஒன்று நிற்கும், இன்னொன்று அதைச் சுற்றி உருளும். அப்படி உருண்டால்தான் உள்ளங்கை மேலே திரும்பும். டிரைவருக்கு அது திரும்பவில்லை. முகம் கழுவத் தண்ணீரை ஏந்தினால் நிற்காது. அத்தான் எதிரிலேயே குழாயைத் திறந்து காட்டிவிட்டு அழுதாராம்.

இன்னொருவர் ஒரு கொத்தனார். வேறெங்கோ யாரோ இறுக்கிப் போட்ட முழுக்கட்டோடு மூன்று நாள் கழித்து வந்தவர். முறிந்த இடம் வீங்கும். கட்டு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் போகாமல் சதை செத்துவிடும். அதற்கு ஆறு மணி நேரம்கூடத் தேவையில்லை. கொத்தனாரின் விரல்கள் நண்டுக்கொடுக்கு போல மடங்கி அப்படியே நின்றுவிட்டன. விரல் மூட்டுகளில் ஒரு பழுதும் இல்லை, நீட்டுவதற்குத்தான் சதை இல்லை. அன்றைக்கு அத்தான் சாப்பிடவில்லை.

அதனால்தான் முறிந்த அன்றே முழுக்கட்டுப் போடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். கைக்கு அடிப்பக்கம் மட்டும் தொட்டில் மாதிரி மாவு வைத்து, மேலே துணி சுற்றுவது அரைக்கட்டு. வீக்கம் வடிந்தபின் ஒரு வாரம் கழித்து முழுக்கட்டு. இது அத்தானுக்குத் தெரியாதா? புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கா ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கிறாள். தாளை மடித்து, அடுக்கி, ஊசியால் தைத்து, முதுகில் பசை தடவுகிற வேலை. வலது கைதான் அவள் முதலாளி. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மாடிப்படியைத் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் அவளே இறங்கி அவளே வழுக்கி விழுந்தாள். நான் அவர்களோடுதான் இருக்கிறேன்; வேலை பார்க்கிற பஸ் டிக்கெட் கவுன்டரில் எனக்கு அன்று வார விடுமுறை, அதனால் வீட்டில் இருந்தேன். வலது கையைப் பார்த்தேன். வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். முன்கை எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. மருந்து கொடுத்து இழுத்து நேராக்கினார். "நல்லா சேர்ந்திருக்கு. இப்போதைக்கு அரைக்கட்டுப் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடிவிட்டார். கட்டு அறையில் நாங்கள் மூவர், நான்காவதாக மாப்பிள்ளை. அக்காவின் விரல்களைப் பிடித்துக் கையைத் தூக்கி வைத்திருந்தது நான்தான்.

அத்தான் ரொம்ப நேரம் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அந்த டிரைவர் கை இப்படித்தான் இருந்தது" என்றார்.

"எந்த டிரைவர்?"

"தண்ணி நிக்காத டிரைவர்."

பஞ்சு சுற்றினார். ஒரு ரோலை முக்கினார், சுற்றினார். இரண்டாவது, மூன்றாவது. மணிக்கட்டிலிருந்து மேல்கை வரைக்கும், முழங்கையை மடக்கி வைத்து, சுற்றிலும் வழித்து வழித்து, வெண்ணெய் தடவியது போல மினுங்கவிட்டார். அரைக்கட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

"முடிஞ்சுதா?" என்றேன். தூக்கிப் பிடித்திருந்த என் கை கடுத்தது.

"இன்னும் ரெண்டு ரோல். நம்ம ஆளு இல்ல? நழுவவே கூடாது" என்றார்.

அந்த இரண்டு ரோலை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். வேறொருத்தர் கையாக இருந்திருந்தால் டாக்டர் சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். கட்டியவள் கை என்பதால் பயம், பயத்தால் இரண்டு ரோல். முடிந்ததும் வழக்கம்போல அவள் நகத்தை அழுத்திவிட்டார். வெளுத்தது, உடனே சிவந்தது. விரலை அசைக்கச் சொன்னார், அசைத்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீக்கம் உடனே வருகிற விருந்தாளி இல்லையே.

பகல் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தோம். அத்தான் அரைநாள் லீவு போட்டிருந்தார். அக்காவைப் படுக்கவைத்துக் கைக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்தார். அதன்பிறகு கால் மணிக்கு ஒரு தடவை கதவருகே வந்து நிற்பார்.

"வலிக்குதாம்மா?"

"முறிஞ்ச கை வலிக்காம இருக்குமா? பரவாயில்லங்க."

"ரொம்ப வலிக்குதா?"

"பரவாயில்லன்னு சொல்றேன்ல? போய்ச் சாப்பிடுங்க."

ஒவ்வொரு தடவையும் அவர் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பேயறைந்தது போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யார்தான் வலிக்கிறது என்று சொல்வார்கள்? மாத்திரை கொடுத்தேன். மூன்று மணிக்கு இன்னொரு மாத்திரை கேட்டாள். கேட்கும்போது கீழுதட்டைக் கடித்திருந்தாள். விரல்கள் போர்வைக்குள் இருந்தன. இத்தனை புழுக்கத்தில் கையை ஏன் மூடிவைத்திருக்கிறாள் என்று போர்வையை இழுத்தேன்.

ஐந்து விரலும் ஊதி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, நகம் நீலம் பூத்திருந்தது. தொட்டேன், ஜில்லென்றிருந்தது. 

"அக்கா, நான் தொடறது தெரியுதா?"

"மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக. "அவர்கிட்ட சொல்லாதே. பயந்துருவாரு."

"அத்தான்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் வந்தார். விரலைப் பார்த்தார். நடுவிரலை மட்டும் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தார். அக்கா அலறினாள். அவள் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. அத்தான் விரலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அரைக்கட்டுதான் போடச் சொன்னாங்க. நான்தான் முழுசாச் சுத்திட்டேன். கொத்தனார் கை... கொத்தனார் கை ஆயிடும்."

யானைக்கும் அடி சறுக்கும், சரி. சறுக்கின யானை நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டால் மற்றவர்கள் என்ன செய்வது? பாலம் வேலை நடப்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கட்டு விழுந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அக்காவின் கை என் கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பயத்தில் ஆத்திரம்தான் வரும்.

"யோவ் மாவு! எந்திரி! உன் பொண்டாட்டி கை சாகுது, நீ உட்கார்ந்து ஒப்பாரி வெக்கிறியா?"

எழுந்தார். முதலில் தலையணையை இரண்டையும் உருவிப் போட்டார். "தூக்கி வெக்கக்கூடாது, நெஞ்சு உயரத்துல இருக்கணும்" என்றார். பிறகு, "கத்திரி. அவளோட அட்டைக் கத்திரி எங்க?"

அது ஆஸ்பத்திரியில் மழுங்கிவிட்டது என்று கழித்துப்போட்ட மாவுக்கட்டுக் கத்திரி. நீளக் கைப்பிடி, கிளிமூக்கு மாதிரி அலகு. பைண்டிங் அட்டை வெட்ட நல்லதென்று அக்கா வீட்டில் வைத்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்தேன். மழுங்கின கத்திரியால் முடியுமா என்று கேட்டேன். "ஈரம் இன்னும் காயல. காய ரெண்டு நாள் ஆகும். முடியும்" என்றார். ஆனால் கத்திரி அவர் கையில் டகடகவென்று ஆடியது. ஆஸ்பத்திரி ரம்பம் தோலை வெட்டாது. இது வெட்டும்.

அக்கா அவர் கையைப் பார்த்தாள். வலியில் வியர்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, மாப்பிள்ளைக்கு என்னென்ன மூட்டு இருக்கு? சொல்லிக்கிட்டே வெட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். கட்டைவிரல்லேருந்து ஆரம்பிங்க."

அத்தான் கத்திரியின் கீழ் அலகை உள்ளங்கைப் பக்கம் பஞ்சுக்கு அடியில் நுழைத்தார். "கட்டைவிரல் அடியில... சேண மூட்டு" என்றார். கடக். "குதிரைமேல சேணம் உட்கார்ந்த மாதிரி ரெண்டு எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு." கடக். "அது இருக்கிறதாலதான் கட்டைவிரல் மத்த விரலை எல்லாம் தொடுது."

"அடுத்தது?"

"மணிக்கட்டு. எட்டு சின்ன எலும்பு ரெண்டு வரிசையா." கடக். "ஒண்ணோட ஒண்ணு வழுக்கும்." நான் விளிம்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். மாவு ஈரமாகப் பிய்ந்து என் நகக்கண்ணில் ஏறியது. "பஞ்சையும் வெட்டணும். ஒரு நூல்கூட விடக்கூடாது, ஒரு நூல் போதும் இறுக்க."

"அதுக்கு மேல?"

அத்தான் நிறுத்திவிட்டார். முன்கையின் நடுவில் கத்திரி நின்றது. அந்த இரண்டு ரோலும் அங்கேதான் கெட்டியாக இருந்தன.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"முளை மூட்டு. ஒரு எலும்பு நிக்கும். இன்னொண்ணு சுத்தி உருளும்." கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தினார். கடக். "கட்டைப் பிரிச்சா எலும்பு நழுவிடும்மா. உள்ளங்கை திரும்பாமப் போயிடும்."

"திரும்பாத கை பரவாயில்ல. செத்த கையை வெச்சு என்னங்க பண்றது? வெட்டுங்க."

வெட்டினார். அழுதுகொண்டே வெட்டினார். "முழங்கை, கீல் மூட்டு" என்றபோது மேல்கை வரைக்கும் பிளந்து, கட்டு பிளந்த பலாப்பழம் போல வாயைத் திறந்தது. அக்காவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் இரண்டு இடத்தில் கத்திரி கீறி ரத்தம் கசிந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு அத்தான் அவள் ஆள்காட்டி விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெள்ளை. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அந்த நகத்தையே பார்த்தோம். வெள்ளையாகவே இருந்தது.  மறுபடி அழுத்தினார். வெள்ளை. அவர் உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, நகத்தின் அடியில் பென்சில் கோடு போல ஒரு சிவப்பு வந்து, மெல்லப் பரவியது.

"ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"குத்தட்டும். நல்லாக் குத்தட்டும்" என்றார் அத்தான்.

பிளந்த கட்டிலேயே கையைத் தாங்கவைத்து, துணியைத் தளர்வாகச் சுற்றி டாக்சியில் போனோம். அவர் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. வீக்கம் அதிகமாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? வேலை போய்விடுமோ என்று நான்கூட டாக்சியில் அவர் காதில் அதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா வந்ததும் அவர் எழுந்து நின்றார். 

"நீங்க அரைக்கட்டுன்னு சொன்னீங்க. நான் முழுக்கட்டுப் போட்டேன். வீட்டுல வெச்சு நானே வெட்டிட்டேன்."

டாக்டரம்மா ஒவ்வொரு விரலாக நீட்டிப் பார்த்தார். ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேசினார். "இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா நான் கையைக் கிழிச்சுத் திறக்க வேண்டியிருந்திருக்கும். அப்பவும் பிழைச்சிருக்குமோ என்னவோ." ஒரு மாதம் அத்தானைக் கட்டு அறைக்குள் விடவில்லை. எக்ஸ்ரே அறை வாசலில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். 

அவர் பயந்ததும் பாதி நடந்தது. அன்று டாக்டரம்மா போட்டுவிட்ட அரைக்கட்டுக்குள் எலும்பு கொஞ்சம் நழுவித்தான் ஒட்டியது. இரண்டு மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அக்காவின் உள்ளங்கை முக்கால்வாசிதான் மேலே திரும்பியது. ஊசி பிடிக்கிறாள், தாள் மடிக்கிறாள், அச்சக வேலைக்குக் குறைவில்லை. முகம் கழுவும்போது மட்டும் தண்ணீர் ஓரமாக வழிகிறது. "முக்கால் கை போதும். மிச்சம் கால் கைத் தண்ணியை நீங்க ஊத்துங்க" என்று அத்தானைச் சீண்டுவாள்.

ஒருநாள் அவர் கேட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன். "அத்தனை தடவை வலிக்குதான்னு கேட்டேனே. ஏன் சொல்லல?"

அக்கா தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா நீங்க பயந்துருவீங்களே. எத்தனை வருஷமா இப்படித்தான். என் தலைவலி, காய்ச்சல் எதையும் நான் உங்ககிட்ட சொன்னதில்ல."

அவர் எழுந்துபோய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அன்றைக்குக் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.

இப்போது திரும்பக் கட்டு அறையில்தான் இருக்கிறார். பிளந்த அந்தக் கட்டு மாப்பிள்ளையின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. கட்டுப் போட்டு அனுப்புகிற ஒவ்வொருவரிடமும் அதைக் காட்டி, "இது என் சம்சாரம் கை. நான் போட்ட கட்டு. வலிச்சா யார் முகத்தையும் பார்க்காதீங்க, சத்தம் போடுங்க" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, நாலு நாளா முழங்கால் வலிக்குது. படி ஏறினா கடக்குன்னு சத்தம் வருது" என்றாள். அத்தான் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. காபி வேட்டியில் சிந்தியது. அதைத் துடைக்காமல் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்கே? காட்டு" என்றார்.